எந்த உப்பு?

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி மாதம், விடியற்காலை நாலரை மணி இருக்கும். அம்மா என்னை "ராசாத்தி, ராசாத்தி" என்று கூப்பிட்டாள். ராசாத்தி என் பெயர் இல்லை, என் சித்தியின் பெயர். சித்தி இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. எழுந்துபோய் விளக்கைப் போட்டேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து முந்தானையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். "பஸ்ஸு போயிரும்டி, கிளம்பு" என்றாள். என்னையேதான் பார்த்தாள், ஆனால் நான் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

நான் கோவில்பட்டியில் ஒரு மெடிக்கல் கடையில் பார்மசிஸ்ட். டி.பார்ம் முடித்து வேலைக்கு வந்து இது பத்தொன்பதாவது வருடம். மாத்திரையைப் பற்றி ஊரே என்னிடம் கேட்கும். அப்படிப்பட்ட என் வீட்டில், என் கண் முன்னால் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அப்போது அறுபத்தேழு வயது. அதற்கு எட்டு மாதம் முன்னால் பிரஷர் கூடியிருக்கிறது என்று டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். சீட்டை வாங்கிக்கொண்டு நாங்கள் எழுந்த பிறகு, "உப்பைக் குறைங்கம்மா" என்றார். அவ்வளவுதான். அம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. அன்று ராத்திரியே அவளுக்குத் தனியாக ரசம் வைத்துக்கொண்டாள், உப்பில்லாமல். ஊறுகாய் ஜாடி என் பக்கத்து அலமாரிக்குப் போனது. எட்டு மாதமும் அவள் தட்டில் சோறு, குழம்பு, கூட்டு எதிலும் ஒரு கல் உப்பு கிடையாது. தெருவில் எல்லோரும் மெச்சினார்கள். நானும் மெச்சினேன்.

குறைப்பது என்றால் எவ்வளவு? பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். மட்டமாக எடுத்தால் ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு, அதுவும் எல்லாப் பதார்த்தத்திலும் சேர்த்து. இதை டாக்டர் சொல்லவில்லை, தெரிந்திருந்தும் நான் சொல்லவில்லை. டாக்டர் "குறைங்க" என்றார், அம்மா காதில் "கூடாது" என்று விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த நான் வாயைத் திறக்கவில்லை.

புது மாத்திரையில் குளோர்தலிடோன் சேர்ந்திருந்தது. அது சிறுநீரைக் கூட்டி, உடம்பிலிருந்து உப்பையும் நீரையும் சேர்த்து வெளியேற்றுகிற மருந்து. நல்ல மருந்துதான், லட்சக்கணக்கானவர்கள் சாப்பிடுகிறார்கள். ஆனால் வயதான பெண்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடலாம், கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பாடம். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். மாதா மாதம் அந்த அட்டைகளை என் கையாலேயே எடுத்து வந்து அம்மாவிடம் கொடுத்தேன்.

அப்புறம் அந்த வயிற்றுப்போக்கு வந்தது. இரண்டு நாள். உப்பும் குளுக்கோஸும் கலந்த ஓ.ஆர்.எஸ் பொட்டலம் கொண்டுவந்து தண்ணீரில் கலக்கினேன். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இதுல உப்பு இருக்குடி. எனக்கு பிரஷர் இருக்குல்ல?" என்று டம்ளரைத் தள்ளிவிட்டாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக வெந்நீரும் கஞ்சித் தண்ணீரும் சொம்பு சொம்பாகக் கொடுத்தேன், உப்பில்லாத கஞ்சி. ஏற்கெனவே உப்பு வற்றிப்போன உடம்பில் வெறும் தண்ணீரை ஊற்றி இன்னும் நீர்த்துப்போக வைத்தேன்.

அந்த ஓ.ஆர்.எஸ் கரைசலுக்கு ஒரு கதை உண்டு. 1971இல் வங்கதேசப் போரின்போது, எல்லையோரத்து பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு சலைன் பாட்டில்கள் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் கணக்காகக் கலந்து, குழாய் வைத்த டிரம்களில் ஊற்றிவைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே பிடித்துக் கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம் வரை போன சாவு 3.6 சதவீதமாகக் குறைந்தது. நூறு கேள்வி இருந்திருக்கும் அந்த மக்களுக்கு. யாரோ பக்கத்தில் நின்று, இதை எதற்குக் குடிக்க வேண்டும், எவ்வளவு குடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதே பொட்டலம் என் வீட்டு மேசையில் இருந்தது. சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை.

அம்மாவை வெளியூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டூட்டி டாக்டர் வெளியே வந்து, "உப்பு ரொம்பக் குறைஞ்சு போச்சு, 114தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குப் புரிந்தது. சோடியம் 135இலிருந்து 145க்குள் இருக்க வேண்டும். 114 என்றால் மூளை வீங்க ஆரம்பிக்கும், ஆள் தடுமாறும், வலிப்பு வரலாம். அந்த விடியற்காலை "ராசாத்தி"க்கு அர்த்தம் இப்போது தெரிந்தது. ஆனால் வராந்தாவில் நின்றிருந்த என் பெரிய மாமாவுக்கும் அத்தைக்கும் என்ன புரிந்திருக்கும்? "உப்புதானே? ரெண்டு ஸ்பூன் உப்பைக் கரைச்சுக் குடுத்தா சரியாப் போகுது. இதுக்கு ஐ.சி.யூ.வா?" என்று மாமா கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. உப்பு என்றுதானே சொன்னார்கள்?

மூன்று நாள் ஏற்றினார்கள். சோடியத்தை அவசரப்பட்டு ஏற்றக் கூடாது. ஒரு நாளைக்கு எட்டு, பத்துக்கு மேல் ஏறினால் மூளை நரம்புகளே கெட்டுப்போகலாம். அதனால் சொட்டுச் சொட்டாக, அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்துதான் ஏற்றுவார்கள். இதை யாரும் வெளியே வந்து சொல்லவில்லை. மூன்றாம் நாள் மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. "பில்லு ஏத்தத்தான் மெதுவா ஏத்துறான். நாளைக்குக் காலையில கையெழுத்துப் போட்டுட்டு கூட்டிட்டுப் போயிருவோம்." மாமா நல்ல மனிதர், தங்கச்சி மேல் உயிரையே வைத்திருப்பவர். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. நான் அவரைக் கீழே டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். "மாமா, வாடின செடிக்கு ஒரே நேரத்துல குடம் தண்ணியைக் கொட்டினா என்ன ஆகும்?" என்றேன். விவசாயம் பார்த்தவர். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேர் அழுகும்" என்றார். பிறகு கையெழுத்துப் பேச்சை எடுக்கவே இல்லை. இரண்டு நிமிடப் பேச்சு. அது அந்த வராந்தாவில் நடந்திருக்க வேண்டியது.

டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ், "பாட்டி, இனிமே உப்புப் போட்டு நல்லா சாப்பிடுங்க" என்றார். ஆறு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லாம் ஆங்கிலம். நாலாவது பக்கத்தில், பிரஷர்காரர்கள் எல்லோருக்கும் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிற வரி அப்படியே அச்சாகியிருந்தது: உப்பு குறைந்த உணவு சாப்பிடவும். வாய் ஒன்று சொல்கிறது, காகிதம் ஒன்று சொல்கிறது, இரண்டும் ஒரே இடத்தில் ஒரே நாளில். குளோர்தலிடோனை நிறுத்தியிருந்தார்கள். அதுகூட "மாத்திரை மாத்தியிருக்கு" என்ற மட்டில்தான் சொல்லப்பட்டது. பழைய அட்டை வீட்டில் பாதி மிச்சம் இருந்தது. நான் பார்மசிஸ்டாக இல்லாமல் இருந்திருந்தால் அம்மா இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டிருப்பாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அடிவயிறு கலங்குகிறது.

அதற்குப் பிறகுதான் "உப்பு" என்ற சொல்லைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

கடைக்கு மாதா மாதம் சுகர் மாத்திரை வாங்க வருகிற அண்ணாச்சி ஒருவர் இருந்தார். டீக்கடை வைத்திருந்தவர், பதினைந்து வருடச் சுகர். ஒரு நாள் வந்து, "தாயி, கிட்னில உப்பு கூடியிருக்காம், 2.8ன்னு சொன்னாங்க. நான் உப்பையே விட்டுட்டேன். இந்துப்புதான் சேர்க்குறேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு 2.8 இருந்தது கிரியாட்டினின். அது உப்பே இல்லை. தசைகள் வேலை செய்யும்போது உண்டாகிற கழிவு, சிறுநீரகம் வடிகட்டி வெளியே அனுப்ப வேண்டியது. ரத்தத்தில் அது ஏறுகிறது என்றால் வடிகட்டி பழுதாகிறது என்று பொருள். சாப்பாட்டு உப்பை விட்டால் அந்த எண் இறங்கிவிடும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான் என்பதும் அவருக்குத் தெரியாது.

இதைவிட மோசமானது அடுத்து வந்தது. டவுனில் யாரோ சொன்னார்கள் என்று சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிற பாக்கெட்டை வாங்கியிருக்கிறார். அதில் சோடியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். மற்றவர்களுக்கு அது நல்லதாக இருக்கலாம். சிறுநீரகம் கெட்டவருக்குப் பொட்டாசியம் வெளியேறாது, ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். கூடவே, கிட்னிக்குக் குளிர்ச்சி என்று தினமும் ஓர் இளநீர். இளநீரிலும் பொட்டாசியம்தான். ஒரு மாதத்தில் காலை எடுத்து வைக்க முடியாமல் சோர்ந்து விழுந்து, பொட்டாசியம் 6.4 என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அண்ணாச்சிக்கு மூட்டுவலி. "வலி செட் ரெண்டு நாளைக்குக் குடு தாயி" என்று வருவார். சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து அது. கடையில் கூட்டமாக இருக்கும், தெரிந்த மனிதர், கொடுத்துவிடுவேன். வலி மாத்திரைகளில் பல, ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். சுகர் இருக்கிறவர் என்று எனக்குத் தெரியும், கிட்னி எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவர் சேதத்தில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பங்கு உண்டு என்பது தெரியும். இன்று வரை அந்த மாத்திரையைக் கேட்கிறவர்களிடம் சுகர், பிரஷர், கிட்னி மூன்றையும் விசாரிக்காமல் நான் பெட்டியைத் திறப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் எத்தனை உப்பு இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். சோடியம் குறைந்தால் "உப்பு குறைஞ்சிருக்கு". யூரியா, கிரியாட்டினின் கூடினால் "உப்பு கூடியிருக்கு". கர்ப்பிணிக்குச் சிறுநீரில் புரதம் போனால் "யூரின்ல உப்பு இருக்கு". கிட்னியில் கல் இருந்தால் "உப்பு படிஞ்சிருக்கு". பொட்டாசியம் குறைந்தாலும் உப்புதான். ஒரே வீட்டில் மாமியாருக்கு உப்பு குறைந்தும் மருமகளுக்கு உப்பு கூடியும் இருக்கலாம், இரண்டும் வேறு வேறு பொருள் என்று யாருக்கும் தெரியாது.

இதில் என் மனதை விட்டுப் போகாதது கர்ப்பிணி உப்பு. பக்கத்துக் கிராமத்திலிருந்து தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு வருகிற ஒரு பெண், எட்டாம் மாதம். தலைவலிக்கு மாத்திரை கேட்டு வந்தாள். "எத்தனை நாளாம்மா வலிக்குது?" என்றேன். "மூணு நாளாக்கா. கண்ணு வேற பூச்சி பறக்குற மாதிரி இருக்கு." செக்கப்பில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "யூரின்ல உப்பு இருக்குன்னாங்க, நான் உப்பு சேர்க்கிறதில்லக்கா, கருவாடுகூடத் தொடறதில்ல" என்கிறாள். சொன்னதைவிட அதிகமாகவே செய்திருக்கிறாள் பாவம். ஆனால் அந்த "உப்பு" புரதம். கூடவே பிரஷரும் ஏறியிருந்தால், தலைவலியும் கண் மங்கலும் வந்த அந்த நிமிடமே ஓட வேண்டிய நிலை. வலிப்பு வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. மாத்திரை கொடுக்கவில்லை. கடைப் பையனை ஆட்டோ கூப்பிடச் சொல்லி, 102ஆ 108ஆ என்று யோசிக்கக்கூட நேரம் எடுக்காமல் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். பெண் குழந்தை. நன்றாக இருக்கிறார்கள்.

டாக்டர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யோசித்துப் பாருங்கள், இந்த "உப்பு" என்ற சொல்லே அக்கறையில் பிறந்தது. கிரியாட்டினின் என்று சொன்னால் பாவம் இந்தப் பாட்டிக்கு என்ன தெரியும் என்று நினைத்த ஏதோ ஒரு நல்ல டாக்டர், சமையலறையிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்திருக்கிறார். வெளியே நூறு பேர் காத்திருக்கும்போது ஒரே சொல்லில் முடிகிறது. ஆனால் சமையலறைச் சொல் சமையலறைக்குத்தான் கூட்டிப்போகும். உப்பு என்று சொன்னால் எந்தத் தாயும் உப்பு ஜாடியைத்தான் பார்ப்பாள்.

தமிழில் சொல்ல வழியில்லையா என்றால், இருக்கிறது. "கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு ரத்தத்துல தங்கியிருக்கு" என்று சொன்னால் அண்ணாச்சிக்குப் புரிந்திருக்கும். டீ வடிகட்டி அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று முப்பது வருடம் பார்த்தவர் அவர். சோடியத்தைச் சோடியம் என்றே சொல்லலாம். மக்களுக்கு வராது என்று நினைக்கிறவர்கள் 2021ஐ மறந்துவிட்டார்கள். கொரோனா இரண்டாம் அலையில், எங்கள் தெருவில் கைநாட்டு வைக்கிற ஆச்சிகூட விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிக்கொண்டு "ஆக்சிஜன் தொண்ணூத்தி நாலு, கீழ எறங்கலம்மா" என்று சொன்னாள். எந்த எண்ணுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. உயிரோடு சம்பந்தப்பட்டது என்று தெரிந்தால் எந்தச் சொல்லையும் மக்கள் கற்றுக்கொள்வார்கள்.

படிப்பறிவு வேறு, மருந்தைப் புரிந்துகொள்வது வேறு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். எம்.பி.ஏ. படித்த பையன் ஒருவன் அப்பாவுக்கு இன்சுலின் சிரிஞ்சு வாங்க வந்தான். எங்கள் பக்கம் இன்சுலின் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது. அதற்கு சிவப்பு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. அவன் வாங்கியது 40 குப்பி, கையில் வைத்திருந்தது ஆன்லைனில் வாங்கிய ஆரஞ்சு மூடி. டாக்டர் 20 யூனிட் சொல்லியிருக்கிறார். ஆரஞ்சு சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அப்பாவுக்கு உண்மையில் போவது 8 யூனிட். மூன்று வாரமாக சுகர் இறங்கவே இல்லையாம், டாக்டர் இன்னும் கூட்டிக் கொடுத்தாராம். மாறிப்போயிருந்தால் இன்னும் கொடுமை: 100 குப்பியை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட் ஏறும். அந்த ஆள் தூக்கத்திலேயே போய்விடலாம். இதைச் சொன்னதும் பையன் முகம் வெளிறிவிட்டது. "ஊசின்னா எல்லாம் ஒண்ணுதானேன்னு நினைச்சேன் மேடம்" என்றான்.

சீட்டில் எழுதுகிற சுருக்கெழுத்தும் அப்படித்தான். பி.டி. (இரண்டு வேளை), டி.டி.எஸ். (மூன்று வேளை), எச்.எஸ். (தூங்கும் முன்), எஸ்.ஓ.எஸ். (தேவைப்பட்டால்) எல்லாம் லத்தீன். ஆங்கிலம் தெரிந்தவருக்கே தெரியாத மொழியில் கோவில்பட்டி ஆச்சிக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்பதற்கு 1-0-1 என்று எழுதுவது அதைவிடப் பரவாயில்லை. நான் அட்டையின் பின்னால் மார்க்கரால் சூரியன், பாதி நிலா வரைந்துவிடுவேன். சாப்பாட்டுக்கு முன் என்றால் வெறும் தட்டு, பின் என்றால் தட்டில் நாலு புள்ளி. அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது மருந்துப் பெயரும் காலாவதித் தேதியும் இல்லாத பக்கத்திலிருந்துதான் வெட்டுவேன், கடையில் மிஞ்சுகிற அட்டையில் அவை தங்க வேண்டும் என்று. கம்பெனி மாறி மாத்திரை நிறம் மாறினால் பழைய அட்டையையும் புது அட்டையையும் பக்கத்தில் வைத்து, "ரெண்டும் ஒண்ணுதான், இது தீர்ந்த பிறகுதான் அது" என்று காட்டுவேன். வெள்ளை மாத்திரையும் மஞ்சள் மாத்திரையும் வேறு வேறு என்று நினைத்து ஒரே பிரஷர் மருந்தை இரட்டிப்பாகச் சாப்பிட்டுத் தலைசுற்றி விழுந்தவர்கள் உண்டு.

அதெல்லாம் கைவேலை. உண்மையில் என் வேலையை மாற்றியது ஒரு கேள்வி. முன்பெல்லாம் "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். எல்லோரும் "புரிஞ்சுது" என்பார்கள். புரியவில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது, பின்னால் நிற்கிறவர் காதில் விழும், வெட்கம். இப்போது, "வீட்டுக்குப் போனதும் மருமக கேப்பால்ல, என்ன மாத்திரைன்னு? அவகிட்ட எப்படிச் சொல்லுவீங்க, எனக்கு ஒருக்கச் சொல்லிக் காட்டுங்க ஆச்சி" என்கிறேன். வெளிநாடுகளில் இதற்கு டீச்-பேக் என்று பெயர் வைத்து நர்சுகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஒரு நிமிடம் கூடுதலாகும். அந்த ஒரு நிமிடத்தில் என்னென்ன வெளியே வருகிறது! ஆஸ்துமாவுக்குக் கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய கேப்சூலைத் தண்ணீரில் விழுங்கிக்கொண்டிருந்த தாத்தா. பிள்ளைக்குக் காய்ச்சல் சிரப் தீர்ந்துபோனதால், அதே அளவு சொட்டு மருந்தைக் கொடுக்கப் போன தாய். சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம், சொட்டு மருந்து ஒரே மில்லியில் 100. பாட்டில் சின்னதாக இருந்தால் மருந்தும் சாதுவானது என்று நினைத்திருக்கிறாள்.

சஷ்டி விரதத்தைப் பற்றித் தெரிந்ததும் இப்படித்தான். எங்கள் மாவட்டத்தில்தான் திருச்செந்தூர். ஐப்பசி அமாவாசை கழிந்தால் ஆறு நாள், பாலும் பழமும் மட்டும் என்று இருக்கிற பெண்கள் நிறைய. சுகர் மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று ஒரு மதினியைச் சொல்லிக் காட்டச் சொன்னேன். "காலையில சாப்பாட்டுக்கு முன்னால இந்தக் குட்டி மாத்திரை. விரதத்துக்கு சாப்பாடு இல்ல, ஆனா மாத்திரையை விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, அதனால போட்டுருவேன்" என்றார். அது கிளிமெபிரைடு. சாப்பிடாமல் போட்டால் சுகர் விழுந்து மயங்கிவிடுவார். டாக்டர் சொன்னதை எழுத்துக்கு எழுத்து கேட்கிறவர். விரதம் இருப்பீர்களா என்று அவரை யாரும் கேட்டதில்லை. அவரும் திட்டுவார்களோ என்று சொன்னதில்லை. டாக்டரிடம் போய், விரதம் இருப்பதைச் சொல்லி அளவு கேட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். இப்போது ஒவ்வொரு ஐப்பசிக்கும் அமாவாசைக்கு ஒரு வாரம் முன்னால் சுகர் மாத்திரை வாங்க வருகிற பெண்கள் எல்லோரிடமும் கேட்டுவிடுகிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதில் பெரிதாகப் படுவது வேறு. வருகிறவள் அந்த ஊர்ப் பெண். அவளிடம் "இது எதுக்கு தாயி?" என்று கேட்க யாருக்கும் கூச்சம் இல்லை. எங்கள் பக்கம் வருகிற ஒரு தன்னார்வலர்ப் பெண், சந்தேகம் வந்தால் கடைக்கு வந்து என்னைக் கேட்பாள். போன மாதம் வந்து, "அக்கா, உப்பு கூடியிருக்குன்னு சொன்னா நான் எந்த உப்புன்னு கேட்டு எழுதிட்டு வரச் சொல்லிருக்கேன் எல்லாரையும்" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அம்மாவுக்கு இப்போது எழுபது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்கிறோம். இந்தத் தை மாதம் போனபோது டாக்டர் புதியவர், சின்ன வயது. ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "உப்பெல்லாம் நார்மலா இருக்கும்மா" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்னால் அம்மா கேட்டாள்.

"எந்த உப்பு டாக்டர்? சோடியமா, கிரியாட்டினினா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ரிப்போர்ட்டை அம்மா பக்கமாகத் திருப்பி வைத்து, பேனாவால் இரண்டு வரியைச் சுழித்துக் காட்டினார். "சோடியம் 138, கிரியாட்டினின் 0.9. ரெண்டும் நல்லா இருக்கு." அம்மா மஞ்சப்பையிலிருந்து நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள், எழுதச் சொல்லி.

"அப்ப ஊறுகாய் சாப்பிடலாமா?"

"வாரத்துக்கு ஒரு நாள், சின்னத் துண்டு."

"ஞாயித்துக்கிழமை, ஒரு துண்டு, நார்த்தங்காய்ல. மத்த நாள் சமையலுக்கு எல்லாத்துக்கும் சேர்த்து இந்த ஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைச்சலா" என்று அம்மா பையிலிருந்து அந்த டீஸ்பூனையே எடுத்துக் காட்டினாள். டாக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கும்மா" என்று திருப்பிக் கொடுத்தார்.